சுகாதார நிலையத்தில் மக்களுக்கு ஒரு நாற்காலி

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிவை நெருங்குகிறது. சாலை, வடிகால், குப்பை என்று அடுத்த தேர்தலுக்கான வாக்குறுதிகள் சீக்கிரமே அச்சேறும். அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடலாம். நம் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எந்த மாத்திரை தீர்ந்துபோகவே கூடாது, வீட்டில் படுத்துக் கிடக்கும் முதியவரைப் பார்க்க யார் வர வேண்டும் என்றெல்லாம் முடிவெடுக்கும் இடத்தில், அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவர்கள் ஒருவராவது இருக்கிறார்களா?

சேவைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. மாநகராட்சியின் கையில் 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் 16 சமுதாய நல மையங்களும் இருக்கின்றன. 2023 ஜூன் 6 அன்று மாநிலம் முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோது, விழா நடந்த இடமே தியாகராய நகர் விஜயராகவா சாலைதான். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறது. 2025 ஆகஸ்டில் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டன.

இத்தனையும் மக்களைத் தேடி வருகின்றன. மக்கள் பேசுவதைத் தேடி எதுவும் வரவில்லை.

புகார் எண் போதாதா?

மாநகராட்சியின் 1913 இருக்கிறது, சுகாதாரத் துறையின் 104 இருக்கிறது, செயலி இருக்கிறது, பிறகென்ன என்று அதிகாரிகள் கேட்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் புகார் எண் நல்ல ஏற்பாடுதான். விளக்கு எரிந்ததும் புகார் முடிந்தது.

சுகாதார நிலையத்தின் குறை அப்படி ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர், இந்த மாதம் பதினைந்து நாளுக்குத்தான் கொடுத்தார்கள் என்பதற்காக யார்மீது புகார் செய்வார்? மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண் மீதா? நாளைக்கும் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும். அதனால் பேசாமல் மருந்துக் கடைக்குப் போய் மீதியை வாங்கிக்கொள்கிறார். காசில்லாத மாதத்தில் நாள் விட்டு நாள் போட்டுக்கொள்கிறார். எந்தப் புகார்ப் பதிவேட்டிலும் இது வராது. ஒரு நாள் பக்கவாதமாகத்தான் ராயப்பேட்டை மருத்துவமனைக்கு வரும்.

புகார் தனி ஆளின் வேலை. இந்த விஷயத்துக்கு நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடம் வேண்டும். பேசியதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எதிரில் இருப்பவருக்கு இருக்க வேண்டும்.

வாக்கு ஓரிடம், வாழ்க்கை ஓரிடம்

தி.நகர் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் துணி எடுத்துக் காட்டும் பெண்களைப் பாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள் பலர். காலையில் கடைக்குள் போனால் இரவு ஒன்பது, பத்துக்குத்தான் வெளியே வருகிறார்கள். விற்பனையாளர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கால் நரம்பு புடைத்துப்போகும் வரை நின்றவர்களின் வலி சட்டமன்றம்வரை போய்ச்சேர்ந்த அபூர்வ சம்பவம் அது.

நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி திட்டமிடப்பட்டவை. வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான் மாலை நேரம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தி.நகரில் மாலை 4 முதல் 8 என்பது வியாபாரம் கொழிக்கும் நேரம். எந்த முதலாளியும் அந்த நேரத்தில் ஆளை வெளியே விடமாட்டார். ஒரு கடையில் பில் போடும் பெண்ணிடம் பேச்சுக்கொடுத்தபோது, நடந்துபோகும் தூரத்தில் இலவச மருத்துவம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மாதவிடாய் வலிக்கும் கால்வலிக்கும் சாப்பாட்டு இடைவேளையில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கிவிடுகிறார். “எட்டு மணிக்கு மூடிட்டா எங்களுக்கு எதுக்குண்ணா அது?” என்றார். நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வியை அவர் எங்கே போய்க் கேட்பது? கவுன்சிலரிடமா? அவருக்கு இந்த வார்டில் ஓட்டே இல்லை. வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் ஊரில் இருக்கிறது.

மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் வேலை செய்ய வருகிற பெண்களின் நிலை இன்னொரு மாதிரி. ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்தவர்கள் பலர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டுவிட்டார்கள். ஓட்டு அங்கே போய்விட்டது. வேலை இங்கேயே நின்றுவிட்டது. பிள்ளை பெற்ற கஸ்தூரிபா மருத்துவமனையும் பழக்கப்பட்ட நர்ஸம்மாவும் இங்கேதான்.

ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்றும், இனி மறுகுடியமர்வுக்கு முன் மக்களின் கருத்து கேட்கப்படும் என்றும் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. கருத்துக் கேட்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

தென்சென்னைக்குக் குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது என்பது வேடிக்கை. பெசன்ட் நகரில் ஒரு மரத்தை வெட்டினால் மறுநாள் மனு போகும். குடியிருப்போர் நலச் சங்கங்கள், வட்டாரப் பத்திரிகைகள், ஓய்வுபெற்ற உயரதிகாரிகள் என்று பேசத் தெரிந்தவர்கள் நிறைந்த பகுதி இது. அவர்கள் பேசுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு போடுவதில்லை. போடுகிறவர்கள் (ஊரூர் குப்பத்துக்காரர், நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா, தூய்மைப் பணியாளர், அடுக்குமாடிக் காவலாளி) சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும் பின்வரிசைதான்.

இரு தரப்புக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. முதுமை. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, மாடவீதிப் பக்கம் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாளுக்கும், குப்பத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிக்கும் வேண்டியது ஒன்றேதான்: வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அடுக்குமாடியில் அந்தத் திட்டம் தங்களுக்கும் உண்டு என்றே பலருக்குத் தெரியாது. குப்பத்தில் தெரியும், எப்போது வருவார் என்றுதான் தெரியாது.

ஒரு பாட்டி, பல வாசல்கள்

மயிலாப்பூரில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் தாசில்தார் அலுவலகம். மாத்திரைக்கு மாநகராட்சியின் சுகாதார நிலையம். கண்ணில் புரை என்றால் மருத்துவக் கல்வித் துறையின் கீழ் வரும் மருத்துவமனை. குழாயில் சாக்கடை வாடை அடித்தால் குடிநீர் வாரியம். பேத்தியின் சத்துமாவுக்கு அங்கன்வாடி. அது சமூக நலத் துறை.

ஒவ்வொரு வாசலிலும் “இது எங்க வேலை இல்லம்மா” என்று சொல்வார்கள். சொல்வது பொய்யுமல்ல. குழாய்த் தண்ணீரால் வயிற்றுப்போக்கு என்று டாக்டரம்மாவுக்குத் தெரிகிறது. குழாயைச் சரிசெய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு அந்தத் தெருவில் எத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள் என்று தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பாட்டிதான். அவருக்குத்தான் எந்த மேசையிலும் இடமில்லை.

சட்டம் தந்த சபை

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்பது 74ஆவது திருத்தத்தின் வழி அரசமைப்புச் சட்டத்துக்குள் வந்து முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார்.

அதன் பிறகு? கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தேதி தவறினால் ஊரே கேட்கும். பகுதி சபை எப்போது கூடியது என்று மயிலாப்பூரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். கூடிய இடங்களிலும் பேச்சு சாலை, விளக்கு, வடிகால் என்பதோடு நின்றுவிடுகிறது. சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் அங்கே வந்து கணக்கு ஒப்பிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. போதாக்குறைக்கு, பகுதி சபை வாக்காளர்களின் சபை. மேலே சொன்ன துணிக்கடைப் பெண்ணுக்கும் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவருக்கும் அதில் இடம் கிடையாது.

தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் ஏட்டிலும் மக்கள் இருக்கிறார்கள். 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு, அதற்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம். சொந்தக் கட்டிடத்தில் இயங்கும் நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய் கட்டற்ற நிதி. உட்காரும் பெஞ்ச் வாங்குவதா, மின்விசிறி மாட்டுவதா, கழிப்பறைக் கதவைச் சரிசெய்வதா என்பதை அந்தப் பெஞ்சில் உட்காருபவர்கள் சொல்லட்டுமே!

பள்ளியைப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது; பாதிப் பேர் பெண்கள். கூலி வேலை செய்யும் அம்மாக்கள் தலைமையாசிரியருக்கு எதிரில் உட்கார்ந்து சத்துணவைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் தயங்கியவர்கள்தான். பள்ளியில் சாத்தியமானது அதே தெருவிலுள்ள மருத்துவ நிலையத்தில் ஏன் ஆகாது?

மாற்றுத்திறனாளிகளைப் பார்த்தும் கற்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை டிசம்பரில் தற்காலிகப் பாதை போட்டுக் கடலைக் காட்டிக்கொண்டிருந்த மெரினாவில், 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது. யாரும் தானாக யோசித்துக் கொடுத்ததல்ல. பல ஆண்டுகள் விடாமல் கேட்டு வாங்கியது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்தபோது, அதையும் கேட்டுச் சரிசெய்ய வைத்தார்கள். 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தமும் வந்துவிட்டது. பயன்படுத்துபவருக்கே நாற்காலி என்ற கொள்கையை அரசு ஒரு தரப்புக்கு ஏற்றுக்கொண்டாயிற்று.

முன்னே போனவர்கள்

நமக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 2007 வாக்கில் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதாரச் சேவையைக் கண்காணிக்கும் முயற்சி நடந்தது; தமிழ்நாடும் அதில் ஒன்று. கிராமத்தினர் கேள்வித்தாள் நிரப்பி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுத்த மதிப்பீட்டு அட்டையோடு செவிலியரிடம் பேசினார்கள். படிக்காதவருக்கும் நிறம் புரியும். இங்கே அது முன்னோட்டமாக நடந்தது, நிரந்தர ஏற்பாடாக நிலைக்காமல் நின்றுபோனது.

அடையாற்றுக்கு இன்னும் பழைய பாடம் உண்டு. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை அமைப்பில், வருமானத்துக்கேற்ப ஆண்டுச் சந்தா கட்டும் குடும்பங்கள் மருத்துவத்தில் பங்காளிகள். தர்மத்துக்கு வந்த நோயாளி என்ற கூச்சம் அங்கே இல்லை. கேரளத்தில் மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தினரே வலி தணிப்புச் சேவையை நடத்தினார்கள். 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாக்கி, உள்ளாட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது.

பிரேசில் 1990இல் சட்டம் போட்டு, ஒவ்வொரு ஊரின் சுகாதார மன்றத்திலும் பாதி இடத்தைப் பயனாளிகளுக்கு ஒதுக்கியது. இங்கிலாந்து மாறான பாடம். 1974இல் சமூக சுகாதார மன்றங்கள் வந்தன, 2003இல் கலைத்தார்கள், பெயர் மாற்றி மாற்றி 2013இல் ஹெல்த்வாட்ச் வந்தது. முதியோர் இல்லத்துக்குள் நேரில் போய்ப் பார்க்கும் உரிமைகூட அதற்கு இருந்தது. 2025இல் அதையும் கலைக்கப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் ஒரு வாசலைப் பழகுவதற்குள் வாசலை மாற்றினால் யாருக்கு நம்பிக்கை வரும்?

மருத்துவர்களின் அச்சத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். அந்த வன்முறைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் திணறும் இடத்தில், குழு என்ற பெயரில் கட்சிக்காரர்கள் வந்து அதட்டினால் என்ன செய்வது என்று ஊழியர்கள் கேட்டால் அதில் உண்மை இருக்கிறது. வார்டு அரசியலைத் தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் பெஞ்சில் காத்திருப்பவருக்கும் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் சாதாரண நாளில் பேச ஓரிடம் இருந்தால், மருந்து வராததற்கு நர்ஸ் காரணமல்ல என்பதாவது வெளியே தெரியும். கூடுதல் ஆள் வேண்டும் என்று கேட்க, ஊழியர்களுக்கும் தெருவின் துணை கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஆகிய மூன்று இடங்களிலும் தலா ஒரு நிலையத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து பேர் கொண்ட மக்கள் குழு. பாதிப் பேராவது அந்த நிலையத்தில் சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலைப் பார்க்க வேண்டாம். சீட்டு போடும் பதிவேட்டைப் பார்த்தால் போதும். சம்மதிக்கிறவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் கட்சிச் சிபாரிசு பாதி குறையும். வீட்டு வேலை செய்பவர், கடை ஊழியர், மாற்றுத்திறனாளி, முதியவர் ஆகியோருக்குக் கட்டாய இடம். கவுன்சிலர் உறுப்பினராக இருக்கட்டும், தலைவராக வேண்டாம். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஓரிடம் கொடுக்கலாம். அவர்களின் மனு எழுதும் திறமை வீணாகக் கூடாது.

நிலையத்தின் சுவரில் மாதம் ஒரு பக்கக் கணக்கு தமிழில் ஒட்டப்பட வேண்டும்: எந்த மருந்து எத்தனை நாள் இல்லை, மருத்துவர் எத்தனை நாள் இருந்தார், வீட்டுக்குச் சென்ற பிசியோதெரபி எத்தனை முறை. நோயாளியின் பெயரோ நோயோ அதில் வரக் கூடாது. குழு கேட்டதற்கு முப்பது நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே எழுதலாம், காரணத்தோடு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மண்டல அலுவலகத்தில் மாநகராட்சி, குடிநீர் வாரியம், வருவாய், சமூக நலம், அரசு மருத்துவமனை ஆகிய அத்தனை பேரும் இந்தக் குழுக்களின் முன் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பாட்டி ஏறி இறங்கும் வாசல்கள் அன்றைக்கு ஒரு நாளாவது ஒரே அறைக்குள் வந்துவிடும்.

தி.நகரில் வாரம் ஒரு நாள் மட்டும் இரவு பத்து மணிவரை நிலையத்தைத் திறந்துவைத்துப் பார்க்கலாம். அன்று வரும் ஊழியர்களுக்கு மறுநாள் காலை விடுப்பு. கூட்டம் வரவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

குழுக் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தால் ஓய்வுபெற்றவர்கள்தான் வருவார்கள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் மூச்சுவிட நேரம்; கடை ஊழியர்களுக்கு வார விடுமுறை நாள்தான். அந்தந்த இடத்துக்கு ஏற்ப நேரம் குறிக்க வேண்டும். கவுன்சிலருக்கு அமர்வுப்படி உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் உறுப்பினருக்கும் அமர்வுப்படி வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி தினப் பகுதி சபைக் கூட்டத்தின் முதல் பொருளாகச் சுகாதார நிலையத்தின் ஒரு பக்கக் கணக்கை வாசிக்க மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். பதவிக்காலம் முடிவதற்குள் அதை நிறைவேற்றிவிட்டே இந்த மன்றம் மறுபடி ஓட்டுக் கேட்டு வரலாம்.